வீட்டில் முதற் சப்பாத்து யாருக்கு?

இடம்பெயர்ந்த குடும்பங்களின் இழப்புகளைக் கணக்கெடுப்போர் காணி, கிணறு, மாடு, நீரிறைக்கும் இயந்திரம் என்று எழுதிக்கொண்டு போவார்கள். கால்களைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. ஆனால் 1990 யூன் முதல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதிலுமிருந்தும் எமது மக்கள் வெளியேறியபோது, அவர்களிற் பெரும்பாலானோரைச் சுமந்து சென்றவை அவர்களுடைய சொந்தக் கால்களே. அதற்குப் பின்னர் சிலர் தமது காணிகளுக்குத் திரும்பியிருக்கிறார்கள். வேறு சிலர் உறவினர் வளவிலும் வாடகை வீட்டிலும் காலத்தைக் கழிக்கிறார்கள். எங்கிருந்தாலும், சொந்தத் தோட்டம் இல்லாத விவசாயி பிறருடைய தோட்டத்துக்கு நடந்துபோய் வேலை செய்கிறார். கால் நின்றுவிட்டால் அன்றைய கூலியும் நின்றுவிடும்.

எனவே கால் நோவும் நடைக் குறைபாடும் உள்ளவர்கள் எவ்வகைப் பாதணியைத் தெரிவுசெய்ய வேண்டும் என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம். குறிப்பாக, "ஓடும் சப்பாத்து" என்று நாம் சொல்லும் மெத்தென்ற சப்பாத்துகளைப் பற்றிப் பேசுவோம். கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் உறவினர் அனுப்பும் பொதிகளில் அவை வருகின்றன. கடைகளில் புதியனவாகவும், ஒருவர் போட்டுக் கழித்த பழையனவாகவும் கிடைக்கின்றன. விலையோ அதிகம். ஒரு சோடி வாங்குவதற்கே பணம் போதாத வீட்டில் அந்த ஒரு சோடி யாருக்கு என்ற கேள்வி எழுகிறது. அதற்குப் பதில் காண்பதே எமது நோக்கம்.

பாதம் வேலை செய்யும் விதம்

ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகள் உள்ளன. அவற்றைத் தசைநார்கள் இழுத்துக் கட்டி, உள்ளங்காலில் ஒரு வளைவை உண்டாக்குகின்றன. நாம் அடி வைக்கும்போது முதலில் நிலத்தைத் தொடுவது பெரும்பாலும் குதிக்காலின் வெளி ஓரம். அடுத்து பாதம் சற்று உட்பக்கமாகச் சரிந்து உடலின் பாரத்தை வாங்குகிறது. இறுதியில் பெருவிரல் நிலத்தை உந்தித் தள்ளுகிறது. எனவே, உங்கள் பழைய செருப்பின் குதிப்பகுதி வெளி ஓரத்திற் சற்று அதிகமாகத் தேய்ந்திருந்தால் பயப்பட வேண்டியதில்லை. அது இயல்பான தேய்வு.

பாதம் உட்பக்கம் சரிவதும் இயல்பானதே. வண்டியின் வில் அமுங்கி அதிர்ச்சியை வாங்குவதுபோல அது உடலுக்கு உதவுகிறது. ஒரு கால் மட்டும் மற்றதைவிட மிக அதிகமாகச் சரிந்தாலோ, சரிவோடு நோவும் வீக்கமும் சேர்ந்து வந்தாலோதான் கவனிக்க வேண்டும்.

தட்டைப் பாதம் நோயா?

பிள்ளையின் உள்ளங்காலில் வளைவு தெரியவில்லை என்று கவலைப்படும் தாய்மார் பலர். "இதற்குப் பிரத்தியேகச் சப்பாத்து வாங்க வேண்டுமாமே" என்று கேட்கிறார்கள். இதற்கு இந்தியாவில் நடந்த ஓர் ஆய்வு நல்ல பதில் தருகிறது. உதய பாஸ்கர ராவ், பெஞ்சமின் ஜோசப் என்னும் இரு வைத்தியர்கள் 4 முதல் 13 வயது வரையான 2300 பிள்ளைகளின் காற்தடங்களை ஆராய்ந்து 1992 இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பாதணி அணிந்து பழகிய பிள்ளைகளில் 8.6 வீதத்தினருக்குத் தட்டைப் பாதம் இருந்தது. வெறுங்காலுடன் திரிந்த பிள்ளைகளில் அது 2.8 வீதமே. சச்சிதானந்தம் என்பவரும் ஜோசப்பும் வளர்ந்த 1846 பேரிடம் செய்து 1995 இல் வெளியிட்ட ஆய்விலும், ஆறு வயதுக்கு முன்னரே சப்பாத்து அணியத் தொடங்கியவர்களிடம் தட்டைப் பாதம் கூடுதலாகக் காணப்பட்டது.

ஆகவே, முற்றத்து மண்ணில் வெறுங்காலுடன் ஓடி விளையாடும் சிறு பிள்ளையின் பாதம் கெட்டுப்போவதில்லை. அதன் தசைகள் வலுப்பெறுகின்றன. முள், கண்ணாடி, கொழுக்கிப் புழு ஆகியவற்றிலிருந்து காப்பதற்குச் செருப்புத் தேவை என்பது வேறு விடயம். வளைவை உண்டாக்குவதற்காகச் சப்பாத்து வாங்க வேண்டியதில்லை.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பிள்ளையை நுனிக்காலில் நிற்கச் சொல்லுங்கள். அப்போது உள்ளங்காலில் வளைவு தோன்றினால் அது நெகிழ்ச்சியுள்ள தட்டைப் பாதம். நோ இல்லாவிடின் அதற்குச் சிகிச்சை எதுவும் வேண்டாம். நுனிக்காலில் நின்றபோதும் வளைவு தோன்றாமற் பாதம் விறைப்பாக இருந்தாலோ, நோவினாற் பிள்ளை விளையாட்டை விட்டு ஒதுங்கினாலோ வைத்தியரிடம் காட்டுங்கள்.

விலையுயர்ந்த சப்பாத்துகளின் பெட்டிகளில் நியூட்ரல், ஸ்டபிலிட்டி, மோஷன் கொன்ட்ரோல் என்னும் சொற்களைக் காணலாம். முதலாவது மெத்தென்றது. இரண்டாவது உட்பக்கம் சற்று இறுக்கமான அடியைக் கொண்டது. மூன்றாவது பாதம் உட்சரிவதை மேலும் தடுக்கவென அமைந்தது. பாதத்தின் வளைவைப் பார்த்து இவற்றிலொன்றைத் தெரிவுசெய்ய வேண்டும் என்பது நெடுநாளாகச் சொல்லப்பட்டுவந்த கருத்து. அமெரிக்காவின் தரைப்படை, விமானப்படை, மரைன் படை ஆகியவற்றிற் புதிதாகச் சேர்ந்தோரிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியினருக்குப் பாதத்தின் வடிவத்துக்கேற்ற சப்பாத்தையும், மற்றவர்களுக்கு வடிவத்தைப் பாராமல் ஒரே வகைச் சப்பாத்தையும் கொடுத்தனர். 2009 இலும் 2010 இலும் வெளியான முடிவுகளின்படி, இரு பகுதியினருக்கும் ஏற்பட்ட காயங்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இருக்கவில்லை. ஆகவே நோவில்லாத காலுக்கு இந்தப் பெயர்களை நம்பிப் பணத்தைச் செலவிட வேண்டாம். அணிந்து நடக்கும்போது சுகமாக இருக்கிறதா என்பதே முதற் சோதனை.

நல்ல சப்பாத்தை அறிவது எப்படி?

புதியதோ பழையதோ, கையில் எடுத்தவுடன் பின்வரும் சோதனைகளைச் செய்யுங்கள். இவற்றுக்குக் காசு வேண்டாம்.

1. குதிக்காலைப் பிடிக்கும் பின்பகுதியை இரு விரல்களால் அமுக்குங்கள். அது மடிந்து விழாமல் உறுதியாக நிற்க வேண்டும். குதிக்காலை நேராக வைத்திருப்பது இதுவே.

2. முனையையும் குதியையும் பிடித்து வளையுங்கள். விரல்கள் மடியும் இடத்தில் மட்டும் அது வளைய வேண்டும். நடுவில் இரண்டாக மடியும் சப்பாத்துப் பாதத்தைத் தாங்காது.

3. ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்கிப் பாருங்கள். ஓரளவு எதிர்த்து நிற்க வேண்டும்.

4. மேசையில் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். ஒரு பக்கம் சரிந்து நின்றால், முன்னர் அணிந்தவரின் நடை அதிற் படிந்துவிட்டது. அதை அணிந்தால் உங்கள் கணுக்காலும் அப்படியே சரியும்.

5. கையை உள்ளே விட்டு முழுவதும் தடவுங்கள். ஆணி, தடித்த தையல், கிழிந்த மெத்தை எதுவும் தட்டுப்படக் கூடாது.

6. நாடா அல்லது ஒட்டும் பட்டி கட்டாயம் இருக்க வேண்டும். கட்ட முடியாத சப்பாத்தை விரல்களாற் கவ்விப் பிடித்தே நடக்க வேண்டியிருக்கும். சாதாரண இறப்பர்ச் செருப்பிலும் உள்ள குறை இதுதான்.

பழைய ஓடும் சப்பாத்துகளில் இன்னுமொரு விடயம் உண்டு. அவற்றின் அடியில் உள்ள பஞ்சு இறப்பர் காலப்போக்கில் அமுங்கிப்போகும். ஓடுபவர்கள் 500 முதல் 800 கிலோமீற்றர் வரை ஒரு சோடியைப் பாவித்து மாற்றுவது வழக்கம். நாளொன்றுக்கு 5 கிலோமீற்றர் நடக்கும் ஒருவருக்கு இது 100 முதல் 160 நாட்கள் வரையான நடை. அதற்குப் பிறகு அதை எறிந்துவிட வேண்டும் என்பதல்ல. அடியிற் குறுக்குச் சுருக்கங்கள் விழுந்து, பெருவிரலால் அமுக்கியும் மெத்தென்று இருக்கவில்லையாயின், மேற்பகுதி புதிதுபோல் இருந்தாலும் அதன் தாங்கும் பலன் முடிந்துவிட்டது என்று அறிந்துகொள்ளுங்கள். பெட்டிக்குள் பல ஆண்டுகள் கிடந்த சப்பாத்தின் அடி சில சமயம் தானாகவே உதிர்ந்து கழன்று போவதும் உண்டு.

ஈர்க்கால் அளவெடுங்கள்

அளவிலக்கத்தை மட்டும் நம்பி வாங்குவது பல வீடுகளில் நடக்கிறது. பிரித்தானிய இலக்கம் 8 என்பது, ஆண்களுக்கான அமெரிக்க அளவில் 9 ஆகவும், ஐரோப்பிய அளவில் 42 அல்லது 43 ஆகவும் இருக்கும். கம்பனிக்குக் கம்பனியும் சிறிது மாறும். எனவே கனடாவிலுள்ள தம்பிக்கு "எட்டாம் நம்பர்" என்று சொன்னால் அங்கிருந்து சிறிய சப்பாத்தே வந்து சேரும்.

எமது வீடுகளில் முன்னரே வழக்கத்திலிருந்த முறை இதைவிடச் சிறந்தது. மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், இரு காலிலும் பாரத்தைப் போட்டு நில்லுங்கள். குதிக்காலிலிருந்து நீளமான விரல் வரை தென்னை ஈர்க்கொன்றை வைத்து, அதற்கு மேல் ஒரு பெருவிரல் அகலம் கூட்டி முறியுங்கள். அந்த ஈர்க்கைச் சப்பாத்தின் உள்ளே வைக்கும்போது அது வளையாமற் கிடந்தால் நீளம் போதும். பலருக்கு ஒரு பாதம் மற்றதைவிடச் சற்றுப் பெரியதாக இருக்கும். பெரிய பாதத்துக்கே அளவெடுக்க வேண்டும். வெளிநாட்டிலுள்ளவருக்கு அளவு சொல்வதானால், கூட்டிய பகுதியை விட்டுப் பாதத்தின் நீளத்தை மட்டும் சென்ரிமீற்றரிற் சொல்லுங்கள். ஓடும் சப்பாத்துகளிற் பலவற்றின் நாக்கிலுள்ள துண்டில் அந்த அளவும் அச்சிடப்பட்டிருக்கும்.

அகலத்துக்கு, பாதத்தைக் கடதாசி மட்டையில் வைத்துச் சுற்றிவரக் கோடு போட்டு வெட்டுங்கள். அந்த மட்டையைச் சப்பாத்தின் அடியோடு பிடித்துப் பார்க்கும்போது, மட்டை ஓரங்களில் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அச் சப்பாத்து விரல்களை நெரிக்கும். வெறுங்காலுடன் தோட்டம் செய்து பழகியவர்களின் முன்பாதம் அகன்றிருக்கும். ஒடுங்கிய முனையுள்ள சப்பாத்து அவர்களுக்கு ஒருபோதும் பொருந்தாது.

"இரண்டு வருடத்துக்குக் காணும்" என்று பிள்ளைகளுக்கு மிகப் பெரிய சப்பாத்து வாங்குவதும் நல்லதல்ல. குதிக்கால் கழன்று பிள்ளை தடக்கி விழும். மூன்று மாதத்துக்கொரு முறை ஈர்க்கால் அளந்து பாருங்கள். பின்தங்கிய பாடசாலைகளின் மாணவருக்குக் கல்வி அமைச்சு பாதணி வவுச்சர்கள் வழங்கிய ஆண்டுகள் உண்டு. வவுச்சர் கிடைக்குமானால், கடைக்குப் பிள்ளையையும் கூட்டிச் சென்று இரு காலிலும் போட்டு நடக்கவிட்டே வாங்குங்கள்.

எந்தக் குறைக்கு எந்தச் சப்பாத்து?

குதிக்கால் நோ: காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில் குதிக்காலில் ஊசி குத்துவதுபோல நோகும். சிறிது நடந்தபின் குறையும். பகல் முழுதும் நின்றபின் மீண்டும் வரும். உள்ளங்காலின் கீழுள்ள தடித்த தசைநார் இழுபடுவதே காரணம். குதிப்பகுதி மெத்தென்றும் சற்று உயர்ந்தும் உள்ள சப்பாத்து இதற்கு உதவும். சீமெந்து நிலத்தில் வெறுங்காலுடன் நிற்பதைத் தவிருங்கள். படுக்கையை விட்டு எழுமுன் கால் விரல்களைக் கையாற் பிடித்து உங்களை நோக்கி இழுத்து, பத்து எண்ணும்வரை வைத்திருந்து விடுங்கள். இப்படிப் பத்துத் தடவை செய்யுங்கள். பெரும்பாலானோருக்கு ஓராண்டுக்குள் இந்த நோ மாறிவிடும்.

முழங்கால் தேய்வு: இங்கே தாங்கும் சப்பாத்தின் பலன் சோதித்து அறியப்பட்டுள்ளது. அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், முழங்கால் தேய்வுள்ள 164 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் உறுதியான தாங்கும் சப்பாத்தையும், மற்றவர்கள் மெல்லிய தட்டையான சப்பாத்தையும் ஆறு மாதம் அணிந்தனர். 2021 இல் வெளியான முடிவின்படி, நடக்கும்போது உண்டாகும் நோ முதற் பிரிவில் 58 வீதத்தினருக்கும் மற்றப் பிரிவில் 40 வீதத்தினருக்கும் குறைந்தது. ஆகவே முழங்கால் உளைவுள்ள அம்மா சந்தைக்கு நடந்து போவதற்கு உறுதியான சப்பாத்துப் பயன்படும். ஆனால் மிகத் தடித்த, மேலே வளைந்த அடியுள்ள பந்தயச் சப்பாத்துகளை முதியவர்களுக்குக் கொடுக்க வேண்டாம். அவற்றில் நிலை தளும்பி விழக்கூடும்.

பாதம் தொங்குதல்: ஷெல் துண்டினாலோ, முழங்காலுக்குக் கீழே நரம்பு அடிபட்டதாலோ பாதத்தை உயர்த்த முடியாமற்போனவர்கள் எம்மிடையே உள்ளனர். நடக்கும்போது விரல் நுனி நிலத்தில் இழுபடும். இவர்களுக்குப் பாதத்தைத் தாங்கும் பிளாஸ்ரிக் தாங்கி கொடுக்கப்படும். அத் தாங்கியோடு சேர்த்து அணிவதற்கு, வாய் நன்றாக அகன்று திறக்கும், நாடா கட்டும், உள்மெத்தையைக் கழற்றக்கூடிய சப்பாத்துத் தேவை. வழமையான அளவைவிட அரை இலக்கமோ ஓர் இலக்கமோ பெரிதாக வேண்டியிருக்கலாம். கடைக்குப் போகும்போது தாங்கியையும் கொண்டுசெல்லுங்கள்.

ஒரு கால் குட்டை: இருவருடைய கால்களை அளந்தால் பலரிடம் சிறு வித்தியாசம் இருக்கும். ஒரு சென்ரிமீற்றருக்குள் என்றால் பெரும்பாலும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. அதற்கு மேல், குறிப்பாக 2 சென்ரிமீற்றருக்கு மேல், இடுப்பும் முதுகும் நோகத் தொடங்கும். குட்டையான காலின் கீழ்ப் பலகைத் துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்து இடுப்பு மட்டமாகும் உயரத்தை வைத்தியரோ இயன்மருத்துவரோ கண்டு சொல்வார். சுமார் ஒரு சென்ரிமீற்றரைச் சப்பாத்தின் உள்ளே கூட்டலாம். மிகுதியை வெளியே, அடியில் இறப்பர் ஒட்டியே உயர்த்த வேண்டும். தட்டையான அடியுள்ள ஓடும் சப்பாத்து இதற்கு வசதியானது. சப்பாத்துத் தைப்பவர் அடியைக் கிடையாக அரிந்து நடுவே இறப்பர் வைத்து ஒட்டிவிடலாம்.

செயற்கைக் கால்: இந்தியாவின் ஜெய்ப்பூரில் ராம்சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் பி. கே. சேத்தி என்னும் வைத்தியரும் 1968 இல் உருவாக்கிய ஜெய்ப்பூர்ப் பாதம், சப்பாத்து இல்லாமலே சேற்றிலும் வரம்பிலும் நடக்கவும் குந்தியிருக்கவும் ஏற்றது. யாழ்ப்பாணத்தில் 1987 இல் தொடங்கப்பட்ட ஜெய்ப்பூர் நிலையம் போரினால் கால் இழந்த பலரை மீண்டும் நடக்கவைத்தது. செயற்கைக் கால் அணிபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. கால் பொருத்தும்போது ஒரு குறிப்பிட்ட குதி உயரத்துக்கே அது சீர்செய்யப்படுகிறது. பின்னர் குதி உயர்ந்த சப்பாத்தைப் போட்டால் முழங்கால் முன்னே தள்ளப்படும். குதி தாழ்ந்ததைப் போட்டால் பின்னே இழுக்கும். ஆகவே பழைய சப்பாத்தின் குதி உயரத்தை அளந்து, அதே உயரத்திலேயே புதியதையும் வாங்குங்கள். மற்றக் கால் இருமடங்கு வேலை செய்வதால் அதற்கும் நல்ல மெத்தென்ற சப்பாத்து அவசியம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். எந்தச் சப்பாத்தும் மிதிவெடியிலிருந்து காக்காது. விடுவிக்கப்பட்ட காணியில் எச்சரிக்கைப் பலகை இருந்தால் உள்ளே கால் வைக்க வேண்டாம்.

நோவை அறியாத பாதம்

இதுவரை சொன்னவர்கள் எல்லோருக்கும் நோ இருக்கிறது. நோ இருப்பதால் அவர்கள் முறையிடுகிறார்கள், சப்பாத்துக் கேட்கிறார்கள். முறையிடாத ஒருவர் வீட்டில் இருக்கலாம். நீண்டகாலம் நீரிழிவு உள்ளவரின் பாத நரம்புகள் மெல்ல மெல்லச் செத்துப்போகின்றன. நெருஞ்சி முள் ஏறினாலும் அவருக்குத் தெரியாது. கொப்புளம் உடைந்தாலும் அவர் நடந்துகொண்டேயிருப்பார். புண் ஆழமாகி எலும்பில் தொற்றியபின், விரலையோ பாதத்தையோ வெட்டி எடுக்கும் நிலை வருகிறது.

இதைத் தெளிவாக உலகுக்கு உணர்த்தியவர்களில் ஒருவர் வைத்தியர் போல் பிராண்ட். தமிழ்நாட்டின் கொல்லிமலையில் 1914 இல் மிஷனரிமாரின் மகனாகப் பிறந்து, 1946 முதல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிற் பணியாற்றினார். தொழுநோயாளரின் கைகால்கள் அழுகுவது சதையின் கேட்டினால் அல்ல, நோவை உணராமல் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் அமுக்கம் விழுவதாலேயே புண் வருகிறது என்று அவர் காட்டினார். புண்ணுள்ள காலுக்கு மாக்கட்டுப் போட்டு ஆற்றும் முறையில், இலங்கையின் சத்திரசிகிச்சை நிபுணர் மில்ரோய் போல் முன்னோடிகளுள் ஒருவராகச் சொல்லப்படுகிறார். ஆறிய கால் மீண்டும் புண்ணாகாமலிருக்க, வேலூரிலும் அருகிலுள்ள கரிகிரியிலும் நுண்துளை இறப்பரினால் மெத்தென்ற செருப்புகள் செய்யப்பட்டன. பிராண்ட் 1966 இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் வைத்தியசாலைக்குச் சென்றார். தொழுநோயாளருக்காகக் கண்ட அதே வழி நீரிழிவு நோயாளரின் பாதங்களையும் காக்க உதவியது.

உங்கள் வீட்டில் நீரிழிவு உள்ளவரின் பாத உணர்வைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர வைத்தியசாலையில் உருவானது. அவரைப் படுக்கவைத்துக் கண்களை மூடச் சொல்லுங்கள். உங்கள் சுட்டுவிரல் நுனியால் அவருடைய வலது காலின் பெருவிரல், நடுவிரல், சின்னிவிரல் நுனிகளையும், அவ்வாறே இடது காலின் மூன்று விரல் நுனிகளையும் ஒவ்வொன்றாக மெதுவாகத் தொடுங்கள். ஒன்றிரண்டு விநாடி போதும். அழுத்தவோ தட்டவோ வேண்டாம். தொடுகை தெரிந்ததும் அவர் சொல்ல வேண்டும். ஆறு இடங்களில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவற்றை அவர் உணராவிட்டால், அப் பாதம் ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய பாதம். கிளினிக்கில் வைத்தியரிடம் சொல்லிப் பாதத்தைக் காட்டுங்கள்.

இத்தகையவருக்கான பாதணி இப்படி இருக்க வேண்டும்: உள்ளே அமுங்கிக்கொடுக்கும் மெத்தை, கீழே முள் ஏறாத உறுதியான அடி, விரல்களுக்கு உயரமும் அகலமும், பின்னால் பட்டி அல்லது மூடிய குதி. ஆணி அடித்ததாக இருக்கக் கூடாது. விரலிடுக்கிற் பட்டி உள்ள இறப்பர்ச் செருப்பு வேண்டாம். அப் பட்டி உராய்ந்து புண் வரும். செருப்புக் கழன்று போவதும் அவருக்குத் தெரியாது. தையல் தடிப்பில்லாத, அகன்ற முனையுள்ள ஓடும் சப்பாத்து இவருக்குப் பெரிதும் பொருத்தமானது. பாதத்தின் வடிவம் மாறியிருந்தாலோ முன்னர் புண் வந்திருந்தாலோ அதுவும் போதாது. அளவெடுத்துச் செய்த பாதணியே வேண்டும்.

சப்பாத்தின் இறுக்கத்தை இவர் தாமாக உணர மாட்டார் என்பதால் "சுகமாக இருக்கிறதா" என்ற கேள்வி இவருக்குப் பொருந்தாது. ஈர்க்கும் மட்டையுமே தீர்மானிக்கட்டும். புதியதை முதல் நாள் ஒரு மணித்தியாலம் மட்டும் அணிவித்துக் கழற்றிப் பாருங்கள். சிவந்த இடம் அரை மணித்தியாலத்துக்குள் மறையாவிட்டால் அந்த இடத்திற் சப்பாத்து அமுக்குகிறது. அதைச் சரிசெய்யாமல் மீண்டும் போட வேண்டாம்.

ஒவ்வொரு முறையும் அணியுமுன் சப்பாத்தைக் கவிழ்த்துத் தட்டிக் கையால் உள்ளே தடவ வேண்டும். இரவில் பாதத்தைக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, கண்ணாடியில் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். கண் தெரியாதவருக்குப் பேரப்பிள்ளை பார்த்துச் சொல்லலாம். காய்ப்பைப் பிளேட்டால் வெட்டக் கூடாது. சுடுநீர் ஒத்தடமும் வேண்டாம், கால் வெந்தாலும் தெரியாது.

வாசலிற் பாதணியைக் கழற்றுவது எமது வழக்கம். ஆனால் வீட்டுக்குள்ளும் முள்ளும் ஊசியும் உண்டு. இவருக்கு வீட்டுக்குள் மட்டும் பாவிக்கவென வேறொரு சோடியை வைத்துக்கொள்ளுங்கள். நல்லூர்த் திருவிழாவுக்கும் மடுத் திருநாளுக்கும் போகும்போது உச்சிவெயிலில் மணலில் வெறுங்காலுடன் நடக்கவிட வேண்டாம். காலையிலோ மாலையிலோ கூட்டிச் சென்று, வீடு வந்ததும் பாதத்தைப் பாருங்கள்.

தோட்டத்துக்கு வேறு, வீதிக்கு வேறு

ஓடும் சப்பாத்து உலர்ந்த நிலத்துக்குரியது. வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் கட்டும்போது அதைப் போட்டால் பஞ்சு நீரை உறிஞ்சி, பாதம் ஊறிச் சேற்றுப்புண் வரும். தோட்டத்துக்கும் வயலுக்கும் முழங்கால்வரை வரும் இறப்பர்ச் சப்பாத்து நல்லது. வெள்ளத்தில் நிற்பவருக்கு அது எலிக்காய்ச்சலிலிருந்தும் ஓரளவு பாதுகாப்புத் தரும். 2024 டிசெம்பரில் எமது மாவட்டத்தில் அக் காய்ச்சலால் உயிர்கள் போனதை மறக்க முடியாது. வீதிச் சப்பாத்து நனைந்தால் உள்மெத்தையை வெளியே எடுத்து, பழைய பத்திரிகைத் தாளை உள்ளே திணித்து நிழலில் உலர்த்துங்கள். அடுப்பருகே வைத்தால் ஒட்டு விட்டுப்போகும்.

முடிவாக

இனி முதலிற் கேட்ட கேள்விக்கு வருவோம். ஒரு சோடிக்கு மட்டுமே பணம் இருக்கிறது. தட்டைப் பாதமுள்ள ஆனால் ஓடியாடித் திரியும் பிள்ளைக்கு அது இப்போது தேவையில்லை. குதிக்கால் நோவுள்ளவருக்குப் பயிற்சியும் ஓய்வும் முதலிற் செய்து பார்க்கக்கூடியவை. முழங்கால் தேய்வுள்ளவருக்கும் செயற்கைக் கால் அணிபவருக்கும் சப்பாத்து உண்மையான உதவி. அவர்கள் இரண்டாம் இடத்தில் வரட்டும். முதற் சோடி, பாதத்தில் உணர்வு குறைந்தவருக்கே உரியது. "எனக்கு ஒன்றும் வேண்டாம், கால் நோகவில்லை" என்று அவர் சொல்லுவார். அவருடைய கால் நோகாமலிருப்பதே ஆபத்தின் அறிகுறி.

ஆகவே இந்த வாரத்திலேயே வீட்டிலுள்ள நீரிழிவு நோயாளரின் ஆறு விரல் நுனிகளையும் தொட்டுப் பாருங்கள். புண், சூடு, வீக்கம், நிறமாற்றம் ஏதாவது கண்டால் நோ இல்லையென்று காத்திருக்காமல் அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். அடுத்த பொதியைப் பற்றி வெளிநாட்டு உறவினருடன் பேசும்போது, அந்தப் பாதத்தின் நீளத்தைச் சென்ரிமீற்றரில் எழுதிவைத்துச் சொல்லுங்கள்.